தென்மேற்குச் சுவர்

ஏசி எத்தனை தொன் வேணும் என்று பார்க்கத்தான்
கொக்குவிலுக்குப் போனேன்.
கொமிசன் பதினையாயிரம். மறைக்கவில்லை,
படலையடியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

மகன் ஒஸ்லோவிலிருந்து காசு போட்டிருந்தான்.
"அம்மா மேலறையில அவியிறா" என்று ஒரு குரல்பதிவு.
பின்னால் பனி வழிக்கும் வாகனத்தின் உறுமல்.

தவமலருக்குத் தபால் கந்தோரில் வேலை.
ஐந்தரைக்கு வந்து மாடியேறிக் கதவைத் திறந்தால்
நாள் முழுக்கப் பூட்டிவைத்த சித்திரை
முகத்தில் அடிக்கும்.
ஃபான் சுற்றும். அதே வெக்கையை அறைக்குள்ளேயே
கரண்டி போட்டுக் கலக்கும்.

கருவியை எடுத்தேன்.
கைத்துவக்குப் போல இருக்கும், விசையும் உண்டு.
சிவப்புப் புள்ளி சுவரில் ஊர்ந்ததும்
தேத்தண்ணியை வைத்துவிட்டு
நிலையோடு ஒட்டி நின்றா.
"சூடு பாக்கிற சாமான் அக்கா,
கொரோனாவுக்கு நெத்தியில பிடிச்சவையல்லோ."
"தெரியும்" என்றா.
நகரவில்லை.

பிளேட் ஐம்பத்திரண்டு.
சுவர் நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று,
முப்பத்தேழு.
கருவி பிழையோ என்று தட்டிப் பார்த்தேன்.
தள்ளிப் பிடித்தால் மறுபடி நாற்பத்தொன்று.
பூச்சுக்கடியில்
நாலடிக்கு மூன்றடி, பெட்டி போட்டது போல
சுவருக்குள் இன்னொரு தடித்த சுவர்.

"இதில யன்னல் இருந்ததோ?"

"கோட்டையில இருந்து ஷெல் வந்த நேரம்
இவர் ஒரு இரவில அடைச்சது.
சின்னவன்ர தொட்டில் இதுக்குக் கீழதான்."
பிறகு, கனநேரம் கழித்து:
"அடைச்சவர் திறக்கோணும். அதுக்கு இப்ப ஆளில்லை."

சன்னம் புகாத இடத்தால்
முப்பது வருஷத்துக்கு மேல் சோளகமும் புகவில்லை.
நான் அதைச் சொல்லவில்லை. மற்றதைச் செய்வோம் என்றேன்.

நூறு ரூபாத் தாளைப் பிரிட்ஜ் கதவிடுக்கில் வைத்து மூடி
இழுத்தேன். கேட்காமலே கைக்கு வந்தது.
அந்த வழியால்தான் குளிர்
மாதாமாதம் பில்லோடு வெளியேறியிருக்கிறது.
புது ரப்பர் போட்டோம். குண்டு பல்ப் ஐந்தைக் கழற்றினோம்.
பிளேட்டுக்கு வெள்ளை, இரண்டு கை.
பக்கத்து வளவுச் சிவபாக்கியநாதர்
கண் கூசுதென்று வேலிக்கு மேலால் சண்டைக்கு வந்தார்.
அடுத்த கிழமை
பெயின்ற் எந்தக் கடையில் என்று கேட்டு வந்தார்.

பில் பதினாலாயிரத்திலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது.
என்றாலும் இரவில் அறை மூச்சு விடவில்லை.

வைகாசி நடுவில் போன் வந்தது.
"பிள்ளை, மேசனைக் கூட்டிக்கொண்டு வாரும்."
காரணம் சொல்லவில்லை. போனுக்குள்
பனைகள் இரைந்துகொண்டிருந்தன.

ஜெறோம் உடைத்தான். உள்ளே ஒரு கல்வரிசை, வெளியே ஒன்று,
இடையில் உக்கிப்போன யூரியாப் பைகள்.
மண் பொலபொலவென்று
நிலத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது.
ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினான்.
"கடல் மண். சீமெந்துக்கு உதவாது."
அவ வாளியில் அள்ளிக்கொண்டு கீழே போனா.
எங்கே கொட்டினா என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு அது வந்தது.
சுவரில் தொங்கிய கலண்டர்
ஒரே மூச்சில் மார்கழி மட்டும் போய்த் திரும்பியது.
ஃபானை நிற்பாட்டினேன். இறக்கைகள்
தாமாகவே மெல்லச் சுற்றின, எதிர்ப்பக்கமாக.

கருவியை நீட்டினேன், பழக்கதோஷம்.
காற்றுக்கு அது எண் சொல்லாது,
பட்ட இடத்துக்குத்தான் சொல்லும்.
"எனக்குப் பிடியும் பாப்பம்" என்று
நெற்றியைக் காட்டினா, கண்ணை மூடாமல்.
முப்பத்தாறு.

மகனுக்கு நான்தான் எழுதினேன்:
ஏசி வேண்டாம், காசைத் திருப்புகிறோம்.
என் பதினையாயிரம் அந்த ஓட்டையால் போனது.

யன்னலுக்கு இன்னும் நிலை வைக்கவில்லை, கம்பி இல்லை.
வெள்ளிக்கிழமை வருவதாக ஜெறோம் சொல்லியிருக்கிறான்.
அதுமட்டும்
மூன்று இரவு வீடு திறந்துதான் கிடக்கும்.
"கிடக்கட்டும்" என்றா.